காரம்: சாம்பல், மிளகாய், சொல்

கேட்கப்பட்டது இது. சிங்கப்பூரில் குடியிருப்புப் பேட்டைத் துப்புரவு ஊழியர்களுக்கான எச்சரிக்கைக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது "காஸ்டிக்" (பட்ட தோலைச் சுட்டுக் கரைக்கும் பொருள்) என்பதற்குக் "காரம்" என்று போட்டால் போதுமா? ஆங்கிலத்தில் அதே சொல்லைச் சுடுசுடென்ற பேச்சுக்கும் சொல்கிறார்கள், நாமும் "காரமாகப் பேசினார்" என்கிறோம், இரண்டும் ஒன்றுதானா? காரம் தமிழ்ச்சொல்லா, வடசொல்லா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கைக் குறிப்பில் "காரம்" என்று மட்டும் எழுதாதீர்கள், ஆபத்து. பேச்சைப் பொறுத்தவரை, நம் "காரமான பேச்சு" வேறு, ஆங்கிலத்தின் "காஸ்டிக்" பேச்சு வேறு. சொல்லின் பிறப்பைக் கேட்டால், ஒரு தமிழ் வேரும் ஒரு வடமொழிச் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டன என்பதே சரியான விடை. இனி விரிவாக.

தமிழ் வேரிலிருந்து தொடங்குவோம். "கார்த்தல்" என்று ஒரு வினை இருக்கிறது. நாக்கில் சுரீரென்று உறைப்பதையும் தொண்டையில் கரகரப்பதையும் அது குறிக்கும். அறுசுவைப் பட்டியலில் வரும் "கார்ப்பு" இதிலிருந்து பிறந்தது. அதன் பக்கத்திலேயே நிற்பது "கரித்தல்". குழம்பில் உப்பு கூடினால் "உப்புக் கரிக்கிறது" என்கிறோம். எண்ணெயோ சோப்பு நுரையோ பட்டால் "கண் கரிக்கிறது" என்கிறோம். ஒருவரை ஓயாமல் திட்டுவதைக் "கரித்துக்கொட்டுகிறாள்" என்கிறோம். நாக்கு, கண், மனம் என்று மூன்று இடத்திலும் ஒரே வினை. பொருளுக்கும் பேச்சுக்கும் ஒரே சொல்லை ஆள ஆங்கிலத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இவை வினைச்சொற்கள் என்பதைக் கவனியுங்கள். கரிக்கிறது, கரித்தது, கரிக்கும் என்று காலம் காட்டி நிற்கும். "காரம்" அப்படி நிற்காது. அது பெயர்ச்சொல் மட்டுமே. "காரமாக இருக்கிறது" என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைத்தால்தான் வாக்கியம் முடியும். வெளியிலிருந்து வந்த சொற்கள் பெரும்பாலும் இப்படிப் பெயராகத்தான் நுழையும். காரம் வந்த வழி வடமொழியின் "க்ஷாரம்".

வடமொழி "க்ஷ" தமிழுக்குள் வரும்போது இரண்டு பாதைகளில் பிரியும். "லக்ஷம்" என்பது இலக்கம் என்றும் இலட்சம் என்றும் ஆனதைப் போல, "க்ஷாரம்" காரம் என்றும் சாரம் என்றும் ஆயிற்று.  (சத்து என்று பொருள்படும் சாரம் வேறு சொல்.) பாலியிலும் பிராகிருதத்திலும் இது "கார" என்ற வடிவில் வழங்கியது. இந்தியில் இன்றும் "காரா" என்றால் உப்புக் கரிப்பது, உவர்ப்பானது.

க்ஷாரம் என்றால் என்ன பொருள்? பழைய வடமொழி அறுவை மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 11ஆம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியதுதான். கரைந்து ஒழுகச் செய்வதால், அழிப்பதால் அது க்ஷாரம் என்று அங்கே விளக்கம் வருகிறது. தோலையும் சதையையும் கரைக்கும் பொருள் என்று அர்த்தம். அந்நூல் சொல்லும் செய்முறையை இன்றைய வேதியியல் தெரிந்தவர் படித்தால் வியப்பார். குறிப்பிட்ட மரங்களைத் துண்டு போட்டு எரித்துச் சாம்பலாக்க வேண்டும். ஒரு பங்கு சாம்பலுக்கு ஆறு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 21 முறை வடிகட்ட வேண்டும். வடிந்த நீரைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, அகப்பையால் கிளறியபடியே மெல்லக் காய்ச்ச வேண்டும். அது தெளிந்து, சிவந்து, தொட்டால் வழுவழுப்பாகும்போது பதம். இன்னும் கூர்மை வேண்டுமானால் சங்கு, சிப்பி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைச் செந்தணலாகச் சுட்டு அதில் போட வேண்டும். முடிந்ததை இரும்புப் பாத்திரத்தில் சேமிக்க வேண்டும்.

இதில் நடப்பது இதுதான். மரச்சாம்பலில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். அது மிதமான காரம். சுட்ட சங்கு சுண்ணாம்பாகிறது. சுண்ணாம்பு கார்பனேட்டைப் பிடித்து வெண்படிவாகக் கீழே இறங்க, மேலே நிற்கும் நீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. மிதமானது கடுமையானதாகிவிடுகிறது. எரிசோடாவை (காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு) தொழிற்சாலையில் தயாரிக்கப் பின்னாளில் நெடுங்காலம் கையாண்டதும் இதே வழிதான், பொட்டாசியத்துக்குப் பதில் சோடியம், அவ்வளவே. "வழுவழுப்பு" என்று பதம் சொன்னார்களே, அது நம் விரலிலுள்ள கொழுப்பைக் காரம் சோப்பாக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம். இந்த விவரம் கடைசியில் எச்சரிக்கைக் குறிப்புக்குத் தேவைப்படும்.

மருத்துவர் அதை எப்படிப் பயன்படுத்தினார்? மூலம், மரு, ஆறாத புண் போன்ற இடத்தில் சிறிதளவு வைத்து, நூறு எழுத்துகளை உச்சரிக்கும் நேரம் காத்திருப்பார். அந்த இடம் கறுத்தால் வேலை முடிந்தது. பிறகு புளித்த காடி போன்ற புளிப்புப் பொருளால் அதன் வேகத்தை அடக்குவார். புளிப்பும் காரமும் சேர்ந்தால் காரத்தின் கூர்மை தணிந்துவிடும் என்று அந்நூல் காரணமும் சொல்கிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்யும் என்ற இன்றைய பள்ளிப்பாடத்தின் கரு அது. சித்த மருத்துவம் வகுக்கும் 32 புறமருந்துகளிலும் "காரம்" ஒன்று. பௌத்திர நோய்க்கு இன்றும் வழங்கும் காரநூல் சிகிச்சையில், இலைக்கள்ளிப் பாலும் நாயுருவிச் சாம்பற்காரமும் மஞ்சளும் படிப்படியாக 21 பூச்சுகளாக நூலில் ஏற்றப்படுகின்றன.

அரபு மொழியிலும் கதை இதேதான். உவர்நிலச் செடியைச் சுட்ட சாம்பலுக்கு "அல்கலீ" என்று பெயர். ஆங்கிலத்தின் "அல்கலி" அதிலிருந்து வந்தது. பொட்டாசியத்தின் வேதிக்குறியீடு "கே" என்று இருப்பதற்கும் அந்தச் சாம்பல்தான் காரணம். "காஸ்டிக்" மட்டும் வேறு வழி வந்தது. கிரேக்கத்தில் "எரிப்பது" என்று பொருள். நம் "எரிசோடா" என்ற கலைச்சொல் அதன் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு தவறான புரிதலை நீக்க வேண்டும். பழந்தமிழ் மருத்துவத்தில் "காரம்" என்ற பெயர் தாங்கிய எல்லாமே இன்றைய வேதியியலின் காரம் ஆகா. வெங்காரம், அதாவது போராக்ஸ், உண்மையிலேயே காரத்தன்மை உடையது. அதைப் பொரித்தால் பொரிகாரம். ஆனால் படிகாரம்? முகச்சவரத்துக்குப் பின் தடவுகிறோமே, அது தண்ணீரில் கரைந்தால் அமிலத்தன்மை காட்டும். சீனாக்காரம் என்று சொல்வதும் அதையேதான். அந்தக் காலத்தவர் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7க்கு மேல் போனால் காரம்) அளக்கவில்லை. நாக்கில் சுருக்கென்று பிடிக்கிறதா, புண்ணில் வைத்தால் கடிக்கிறதா, சதையைச் சுருக்குகிறதா என்றுதான் பார்த்தார்கள். காரம் என்பது ஓர் உணர்வின் பெயராக இருந்தது, பொருளின் பெயராக அல்ல. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பம் எல்லாம் தீரும்.

சவுக்காரமும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். சோப்பைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூத்தவர்கள் சவுக்காரம் என்பார்கள், இலங்கைத் தமிழர் சவர்க்காரம் என்பார்கள். இலங்கை வடிவில் பிரிப்பு தெளிவாகத் தெரிகிறது. சவர் என்றால் உவர். உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த தொழில்முறை அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது.

சிங்கப்பூரில் காரத்தைப் பார்க்க வேதிக்கூடத்துக்குப் போக வேண்டாம், உணவங்காடியே போதும். மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) தட்டில் இரண்டு வகைக் காரமும் சேர்ந்தே வருகின்றன. சம்பாலில் இருப்பது மிளகாய்க் காரம். மஞ்சள் மீயில் இருப்பது சாம்பல் வழிக் காரம், சீனர்கள் "கீ" தண்ணீர் என்கிற சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசல். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 10 கிராம் அளவில் கார்பனேட் சேர்ந்தாலே போதும். மாவில் இயல்பாக உள்ள நிறமற்ற ஃபிளேவனாய்டுகள் காரம் பட்டதும் மஞ்சளாகும். பசைப்புரதம் இறுகி மீக்கு அந்த இழுவை வரும். குறைந்தால் வெளிறிப்போய்க் குழையும். கூடினால் சோப்பு வாடையும் கசப்பும் தட்டும். டிராகன் படகுத் திருநாளையொட்டி விற்கும் கீ சங் என்ற பசையரிசிக் கொழுக்கட்டை பொன்னிறமாக, கண்ணாடி போல இருப்பதற்கும் இதே கரைசல்தான் காரணம்.

நம் சமையலறையில் அதன் உறவு அப்பளக்காரம். ஒரு கிலோ உளுந்துமாவுக்கு 10 முதல் 20 கிராம் வரை போடுவார்கள். பொரிக்கும்போது அப்பளம் உப்பி, மொறுமொறுப்பாவதற்கு அது உதவும். கை தாராளமாகிவிட்டால் எண்ணெயில் போட்டவுடன் அப்பளம் சிவந்துபோகும், நாக்கில் ஒரு வழவழப்பு ஒட்டிக்கொள்ளும். மலையாளத்தில் சமையல் சோடாவை "அப்பக்காரம்" என்பார்கள்.

சுண்ணாம்பைச் சொல்லாமல் இந்த ஊர்க் காரத்தைப் பேச முடியாது. செராங்கூன் சாலை வட்டாரத்தைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள், சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்ததால். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் வழங்கியது. பக்கத்தில் இருக்கும் கம்போங் காப்போரின் "காப்போர்" மலாயில் சுண்ணாம்பு. 1856க்கும் 1861க்கும் இடையில் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்ப்பூச்சு, மணல் இல்லாத சங்குச்சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பின் தெளிநீர் பி.எச். அளவில் ஏறக்குறைய 12.4. சமையல் சோடா சுமார் 8.3, சலவைச்சோடா சுமார் 11 என்பதோடு ஒப்பிட்டால் அதன் வேகம் புரியும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் "வாய் வெந்துபோச்சு" என்கிறோம். "காரமா இருக்கு" என்று யாரும் சொல்வதில்லை. இந்த வழக்கை மனத்தில் வையுங்கள்.

மிளகாய் இந்தக் கதைக்குள் பிந்தி வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. அதற்கு முன் நம் உணவின் உறைப்பு மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகிலிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் "கறி" என்ற பெயர் உண்டு. பட்டினப்பாலை "கருங்கறி மூடை" என்கிறது. புதிய காய் வந்தபோது மிளகைப் போல உறைக்கும் காய் என்று மிளகாய் ஆயிற்று. அதன் உறைப்புக்குக் "காரம்" என்ற பெயர் தயாராகவே இருந்தது.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இந்தச் சொல் எப்படிப் பங்கு பிரிந்தது என்று தெரியும். தெலுங்கில் காரம் என்றால் மிளகாய்த்தூளே. கன்னடத்தில் "கார" உறைப்பு. மலையாளம் காரத்தைச் சாம்பல் உப்புக்கு வைத்துக்கொண்டு மிளகாய்க்கு "எரிவு" என்கிறது. இந்தியில் உப்புக் கரிப்பு. இலங்கைத் தமிழர் மிளகாய்க்கு "உறைப்பு" என்பார்கள். சிங்கப்பூரில் தமிழ்நாட்டு வழியினரும் யாழ்ப்பாண வழியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் காரம், உறைப்பு இரண்டும் காதில் விழும், கூடவே மலாயின் "பெடாஸ்". தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் மிளகாய், சோடா, பேச்சு மூன்றையும் காரத்தின் தலையிலேயே கட்டியிருக்கிறது.

பாடநூல் கலைச்சொல்லிலும் பிளவு உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அமிலத்துக்கு எதிர் "காரம்", நீரில் கரைவது "எரிகாரம்". இலங்கைப் பாடநூலில் அமிலத்துக்கு எதிர் "மூலம்", நீரில் கரைவது "காரம்". சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் அறிமுகம் இல்லை. பெற்றோர் இணையத்தில் தேடி வெவ்வேறு சொற்களைக் கண்டால் ஒன்று தவறு என்று முடிவு கட்ட வேண்டாம்.

மிளகாயும் சாம்பலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது வெறும் தற்செயலா? உடலைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். மிளகாயின் கேப்சைசின், நாக்கிலும் தோலிலும் உள்ள வலி நரம்பின் ஓர் ஏற்பியை, அதாவது உணர்வை வாங்கும் வாயிலைத் திறக்கிறது. 43 பாகை செல்சியஸ் அளவிலான சூட்டுக்கும் திறப்பது அதே ஏற்பி. அதனால்தான் மிளகாய் சுவையாக அல்லாமல் சூடாகப் படுகிறது. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதை 1997இல் கண்டறிந்தார்கள், அவர் 2021இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, இதே ஏற்பி அமிலத்துக்கு மட்டுமல்லாமல் அம்மோனியா போன்ற காரத்துக்கும் திறக்கிறது என்று காட்டியது. ஆக, "காரம்" என்று நாக்கு பெயர் வைத்ததில் நியாயம் இருக்கிறது. மிளகாய் வேதியியல் பொருளில் காரமும் அன்று, அது சதையைக் கரைப்பதும் இல்லை. ஆனால் நரம்பு அனுப்பும் செய்தி ஒன்று.

ஒலி ஒத்திருப்பதால் ஏமாறக்கூடிய சில சொற்களை வேகமாக ஒதுக்கிவிடுவோம். ஐகாரம், ஓங்காரம், அதிகாரம், அலங்காரம் ஆகியவற்றின் "காரம்" செய்தல் என்று பொருள்படும் வடசொல். வீட்டுக்காரர், கடைக்காரரும் அதன் வழியே. பலகாரம், பழ உணவு என்று பொருள்படும் வடமொழியின் "பலாஹாரம்" என்பதிலிருந்து வந்தது. கார்மேகத்தின் "கார்" கருமை. சேனைக்கிழங்கு தொண்டையில் "காறும்" என்கிறோமே, அது வல்லின றகரம். அந்தக் காறலுக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். காராசேவு, காரவடை மட்டும் நம் காரமே.

இனி பேச்சு. இங்கேதான் மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஆங்கிலத்தின் "காஸ்டிக்" பேச்சு சூடான பேச்சு அன்று. குரல் உயராது. ஒரு வரியில் எதிராளியின் தோலை உரித்துவிடும். புத்திசாலித்தனமும் இளக்காரமும் கலந்திருக்கும். தமிழில் "காரமாகப் பேசினார்" என்றால் காட்சியே மாறிவிடுகிறது. குரல் உயர்கிறது, முகம் சிவக்கிறது, நேருக்கு நேர் கேட்கிறார். "காரசாரமான விவாதம்" என்று நாளிதழ் எழுதினால் அதில் பாராட்டுகூட இருக்கிறது, சாரமும் இருந்தது என்று. நாடாளுமன்ற விவாதத்தைக் "காரசாரம்" என்றால் உறுப்பினர் யாரும் வருந்தமாட்டார். "காஸ்டிக்" என்றால் வருந்துவார். எனவே ஒன்றுக்கு மற்றொன்றைப் போடுவது பிழை.

"காட்டம்" இதற்கு ஒரு படி மேல். புகையிலையும் காட்டம், அறிக்கையும் காட்டம். அதில் கோபம் வெளிப்படையாக உண்டு. "கடு" என்ற வேரிலிருந்து கடுஞ்சொல், கடுகடுப்பு, கடுப்பு எல்லாம் வருகின்றன. உறைப்பைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான "கடு" திராவிடத்திலிருந்து அங்கே போனது என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. க்ஷாரத்தை அங்கிருந்து வாங்கினோம், கடுவைக் கொடுத்தோம் என்று சொல்லலாம்.

"உறைத்தல்" தனி அழகு. சொன்னவர் எவ்வளவு காரமாகச் சொன்னார் என்பதைவிட, கேட்டவர் நெஞ்சில் அது இறங்கியதா என்பதை அது பேசும். "இவ்வளவு சொல்லியும் அவனுக்கு உறைக்கல" என்றால் காரத்தின் குறை இல்லை, நாக்கின் குறை. மிளகாய்க்கும் அறிவுரைக்கும் ஒரே வினை. சொல்லும் பக்கம் "காரம்", கேட்கும் பக்கம் "உறைப்பு" என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது மொழிபெயர்ப்பில் பெரிதும் கைகொடுக்கும்.

அப்படியானால் "காஸ்டிக்" பேச்சுக்கு எது? இடம் பார்த்து எடுக்க வேண்டும். உள்நோக்கத்தோடு இடித்துக் காட்டினால் "குத்தலான பேச்சு". ஒரே வாக்கியத்தில் வாயடைத்தால் "நறுக்கென்று" அல்லது "சுருக்கென்று" சொன்னார். மனம் புண்படும்படி இருந்தால் "சுடுசொல்". நாள்தோறும் வீட்டில் நடப்பது "கரித்துக்கொட்டுவது". எழுத்தில் திட்டமிட்டுச் செய்தால் "அங்கதம்", அதில் நஞ்சு கூடினால் "எள்ளல்". ஒரு நாடக விமர்சனத்தை "அமிலம் தோய்ந்த சொற்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது புது வழக்கு. படிக்கிறவருக்குப் புரியும், ஆனால் பேச்சில் யாரும் சொல்வதில்லை. உரையாடலில் அதைப் போட்டால் பாத்திரம் செத்துப்போகும். என் தேர்வு பெரும்பாலும் "குத்தல்"தான். அதில் ஆயுதம் சிறியது, காயம் ஆழமானது என்ற இரண்டும் இருக்கின்றன.

இப்போது எச்சரிக்கைக் குறிப்பு. "இது காரத்தன்மை கொண்டது" என்று எழுதினால் தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்து வேலை செய்யும் ஊழியர் என்ன நினைப்பார்? கை எரியும், கழுவினால் போய்விடும், அவ்வளவுதானே என்றுதான். மிளகாய் தந்த அனுபவம் அது. "அரிக்கும் பொருள்" என்று எழுதுவது அகராதிப்படி சரி. ஆனால் அன்றாடப் பேச்சில் அரிப்பு என்றால் சொறிவது. "தோலில் அரிப்பு ஏற்படுத்தும்" என்ற வரியைப் படிப்பவர் சேற்றுப்புண் அளவுக்குத்தான் பயப்படுவார். உண்மையில் எரிசோடா தோலின் கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பல அமிலங்கள் சதையைத் திரைய வைப்பதால் அந்தத் திரையே ஓரளவு தடுப்பாகும். காரத்துக்கு அந்தத் தடுப்பும் இல்லை. தொடக்கத்தில் வலி குறைவாக, வெறும் வழுவழுப்பாக இருப்பதால் ஆள் ஏமாந்துவிடுவார். கண்ணில் பட்டால் பார்வை போகலாம்.

முதலுதவியும் நேர் எதிர். மிளகாய் கையில் பட்டால் தண்ணீர் பெரிதாக உதவாது. கேப்சைசின் நீரில் கரையாது, எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்பால் கழுவ வேண்டும். வாயில் என்றால் பாலோ தயிரோ நல்லது. எரிசோடா பட்டாலோ தண்ணீர்தான் மருந்து, ஓடும் தண்ணீர், குறைந்தது 20 நிமிடம். பொடியாகவோ சீவலாகவோ ஒட்டியிருந்தால் கையுறை போட்டு உலர்வாகத் தட்டிவிட்ட பிறகு கழுவ வேண்டும். எண்ணெய் கூடாது. வினிகரும் கூடாது. சுஸ்ருதர் காடியால் அடக்கினாரே என்று கேட்கலாம். அவர் தாமே வைத்த இம்மியளவு காரத்தை, பார்த்துக்கொண்டே அடக்கினார். விபத்தில் எவ்வளவு பட்டது என்று தெரியாது, வினிகரைத் தேடும் நேரத்தில் அது உள்ளே இறங்கிவிடும், அமிலமும் காரமும் சேரும்போது சூடும் பிறக்கும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. ஏறும்போதும் அது தொண்டையைச் சுடும்.

குறிப்பில் வெற்றிலைக்காரர் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: "வெந்துவிடும்". அது எந்த மாவட்டத்தாருக்கும் புரியும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எச்சரிக்கை. இது எரிசோடா (காஸ்டிக் சோடா). தோலில் பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். ரப்பர் கையுறையும் கண் காப்புக் கண்ணாடியும் அணியாமல் திறக்காதீர்கள். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே நனைந்த உடையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். எண்ணெய், வினிகர் தடவாதீர்கள். கண்ணில் பட்டாலோ விழுங்கிவிட்டாலோ 995 அழையுங்கள்."

"வலி இல்லாவிட்டாலும்" என்ற தொடரை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். ஆள் ஏமாறுவது அங்கேதான். "காஸ்டிக் சோடா" என்பதும் இருக்கட்டும், பேச்சுவழக்கில் அந்தப் பெயர்தான் ஊழியருக்குத் தெரியும். கையையும் உலோகத்தையும் திரவம் தின்பது போன்ற பன்னாட்டுப் படக்குறி பாட்டிலில் இருந்தால் அதைக் குறிப்பிலும் பெரிதாகப் போடுங்கள்.

கலக்கும் முறையையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். முதலில் வாளியில் குளிர்ந்த தண்ணீர், அதற்குப் பிறகு சோடாவைச் சிறிது சிறிதாக. சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே இடத்தில் சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். வாளி அலுமினியமாக இருக்கக்கூடாது. எரிசோடா அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை விடும். தடித்த பிளாஸ்டிக் வாளி போதும்.